ஒரு அறைக்கு எட்டு நிமிடம்

வலது முழங்கால் குனியும்போது வலிக்காது. நிமிரும்போதுதான் வலிக்கும். அதனால் ஒரு வகுப்பறைக்குள் குனிந்துவிட்டால் நடுவில் நிமிர்வதில்லை. கரும்பலகைக்குக் கீழே ஆரம்பித்து, மாப்பை இழுத்தபடியே பின்னால் நகர்ந்து, வாசற்படிக்கு வந்த பிறகுதான் கதவைப் பிடித்துக்கொண்டு எழுவேன். நீளக் கைப்பிடி மாப் கேட்டு இரண்டு வருடம் ஆகிறது. வந்ததெல்லாம் குட்டைக் கைப்பிடிதான். பதினெட்டு அறை, பதினெட்டு முறை எழ வேண்டும். கடைசி அறையில் எழும்போது வாயில் சாமி பெயரும் வரும், அதற்குப் பக்கத்திலேயே கெட்ட வார்த்தையும் வரும்.

எட்டு மாதத்துக்கு முன்பு வரை இந்தப் பள்ளியைச் சுத்தம் செய்ய நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். மற்றவள் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. வீட்டில் அவள் சின்னவள், நான் பெரியவள். கொழுந்தன் திடீரென்று போய்ச் சேர்ந்தபோது அவளுடைய மகளுக்குப் பதினோரு வயது. தலைமை ஆசிரியையின் காலில் விழாத குறையாக நின்று அவளை இந்த வேலையில் சேர்த்தது நான்தான். ஏழு வருடம் ஒன்றாக உழைத்தோம். சண்டை போடாத நாள் உண்டு, பேசாத நாள் கிடையாது.

வேலைக்கு ஒரு முறை வைத்திருந்தோம். காலை ஆறரைக்குக் கேட்டைத் திறப்போம். மூத்தவள் என்பதால் சாவி என் இடுப்பில். இரண்டு பேரும் ஒரே அறைக்குள் நுழைவோம். முப்பத்தாறு நாற்காலியையும் ஆளுக்குப் பாதியாகத் தூக்கி மேஜைமேல் கவிழ்ப்போம். அவள் துடைப்பத்தோடு முன்னால் போவாள், நான் வாளியும் மாப்புமாகப் பின்னால் வருவேன். அவள் பெருக்கி முடிக்கும் இடத்தில் என் ஈரம் காய ஆரம்பித்திருக்கும். அறைக்கு எட்டு நிமிடம். ஒன்பது மணி மணியடிக்கும் முன்பு பதினெட்டும் முடியும். பிறகு கழிப்பறைகள், வராந்தா, மாடிப்படி.

போன வருடம் வட்டாரப் பள்ளிகளுக்கு வரவேண்டிய பணத்தில் நாலில் ஒரு பங்கை மேலிடத்தில் வெட்டிவிட்டார்கள். எங்கள் வட்டாரத்தில் பதினோரு பள்ளி. வெட்டு வந்தது காகிதத்தில்தான், ஆனால் எங்களுக்குத் தெரிந்தது சாமான்களில். முதலில் வராந்தாவில் ஒன்றுவிட்டு ஒன்றாக ட்யூப்லைட்டைக் கழற்றினார்கள். பிறகு பாட்டு டீச்சர் போனார். அவருடைய ஆர்மோனியத்தை நாங்கள்தான் தூக்கிக்கொண்டு போய் ஸ்டோர் ரூமில் வைத்தோம். பிறகு நூலகத்தைப் பூட்டினார்கள். பினாயில் மாதத்துக்கு ஆறு கேன் வந்தது மூன்றானது. "வாசனைக்கு மூடியைத் திறந்து வெச்சா போதும்கா, ஊத்தவே வேணாம்" என்று சின்னவள் சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு நிற்கக் காரணம் வட்டார அலுவலகத்தின் கணக்குப் பிரிவு எழுத்தர். பினாயில் கணக்கு பார்க்க வந்தவர் இரண்டு பேரும் ஒரே அறையில் நிற்பதைப் பார்த்துவிட்டு, தலைமை ஆசிரியையிடம் எங்கள் காதுபடவே சொன்னார்: "ஒரு ரூமுக்கு ரெண்டு ஆளா? பெருக்க ஒருத்தி, பேச ஒருத்தியா?"

சின்னவள் துடைப்பத்தைத் தரையில் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு வேலையைப் பார்த்தாள். எனக்குத்தான் அது முள்ளாகத் தைத்தது. இரண்டு வாரம் கழித்து, எந்தப் பள்ளிக்கு எத்தனை துப்புரவு ஆள் தேவை என்று அளக்க அலுவலகத்திலிருந்து ஆள் வருகிறார் என்று தலைமை ஆசிரியை சொன்னபோது, அந்த முள் இன்னும் உள்ளேதான் இருந்தது.

"கடிகாரத்தை வெச்சு அளப்பாங்களாம்" என்றார் அவர். "எப்பவும் போலச் செய்யுங்க. பயப்படாதீங்க."

அன்று மதியம் கழிப்பறை வாசலில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது சின்னவள் சொன்னாள்: "அக்கா, அந்த ஆளு வரும்போது கொஞ்சம் மெதுவாவே பண்ணுவோம். எட்டு நிமிஷத்த பத்தாக்குவோம். என்ன குடி முழுகிடப் போகுது?"

"மெதுவாப் பண்ணா சோம்பேறின்னு எழுதிட்டுப் போயிடுவான்."

"சோம்பேறின்னு எழுத அதுல இடம் இருக்காதுக்கா. எத்தனை நிமிஷம்னுதான் இடம் இருக்கும்."

"உனக்குத் தெரியாதுடி. நான் எத்தனை மேஸ்திரியப் பாத்திருக்கேன்."

நான் செங்கல் சூளையில் வளர்ந்தவள். எட்டு வயதில் தலையில் சும்மாடு ஏறியது. சூளையில் மறுநாள் வேலை உண்டா இல்லையா என்பது மேஸ்திரியின் கண்ணில் இருந்தது. எட்டுக் கல் தூக்குகிறவள் மேஸ்திரி வரும்போது பத்துத் தூக்குவாள். அவர் தலை மறைந்ததும் ஆறு. "பாக்குறவன் முன்னால ரெண்டு கல் கூட வை. பாக்காதப்ப மூச்சு விடு" என்று என் அம்மா சொல்லிக்கொடுத்தாள். அப்படித் தூக்கியவளைத்தான் மறுநாள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். தூக்காதவள் கேட்டுக்கு வெளியே நிற்பாள். எனக்குத் தெரிந்த படிப்பு அது ஒன்றுதான். அதை வைத்து ஐம்பத்தாறு வயது வரை வண்டி ஓடியது.

ஆகவே திட்டம் நான் போட்டது. அளக்க வருகிறவர் ஆறே முக்காலுக்கு வருவார். நாங்கள் ஐந்து மணிக்கே வந்து, பதினெட்டு அறையிலும் நாற்காலியைக் கவிழ்த்து, பெருக்கி முடித்துவிடுவது. அவர் வரும்போது பாக்கி இருப்பது மாப் மட்டும். அதையும் நான் ஒருத்தியாகச் செய்வது. சின்னவள் மாடி வராந்தாவில் நிற்பது. ஒரே அறையில் இரண்டு பேரைப் பார்த்தால்தானே பேச ஒருத்தி என்பார்கள்?

"எனக்கு என்னவோ சரியாப் படலக்கா" என்றாள் சின்னவள்.

"நான் சொல்றதக் கேளு."

கேட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு.

ஆறரைக்கு முன்பு கேட்டைத் திறக்கக் கூடாது என்பது விதி. சாவியை என்னிடம் தரும்போது அதற்கென்று தனியாகக் கையெழுத்தே வாங்கியிருந்தார்கள். அன்று ஐந்து மணிக்குத் திறந்தேன். அரை இருட்டில் அறுநூற்று நாற்பத்தெட்டு நாற்காலியைத் தூக்கிக் கவிழ்த்தோம். சின்னவள் முன்னால் பெருக்கிக்கொண்டு போக, எனக்கு முழங்காலில் யாரோ ஊசி நூல் கோத்து இழுப்பது மாதிரி இருந்தது. ஆறரைக்கு முடித்துவிட்டு முகம் கழுவி நின்றோம். கல்யாண வீட்டில் வரவேற்க நிற்கிற மாதிரி.

வந்தவர் இளவயதுக்காரர். ஒல்லி. ஒரு கையில் அட்டை, ஒரு கையில் போன். எங்களுக்குள் அவருக்குக் கடிகாரத் தம்பி என்று பெயர் வைத்தோம். மரியாதையான பையன்தான். நாற்காலியில் உட்காரச் சொன்னால்கூட உட்காரவில்லை. வாசலில் நின்று பார்த்தார்.

நான் குனிந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாகத் தரை துடைத்ததில்லை. வாசற்படியில் வந்து எழுந்தபோது வலியை முகத்துக்கு வரவிடவில்லை.

"எட்டு நிமிஷம்" என்றார் அவர். அடுத்த அறை, எட்டு. அதற்கடுத்தது, ஏழே முக்கால்.

"அம்மா, நாற்காலியெல்லாம் முன்னாடியே கவுத்து வெச்சிருக்கே?"

"பிள்ளைங்க சாயங்காலம் கவுத்துட்டுப் போயிடுவாங்க தம்பி" என்றேன்.

"குப்பையும் அதிகம் இல்லையே. பெருக்குறதையும் சேர்த்துத்தானே இந்த எட்டு நிமிஷம்?"

"பெருக்கிக்கிட்டேதானே தொடைக்கிறேன்." கதவோரத்தில் சாத்தியிருந்த துடைப்பத்தைக் காட்டினேன்.

"தினமும் இப்படித்தானா? நீங்க ஒருத்தரேவா?"

"தினமும் இப்படித்தான்."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "குறிச்சுக்கட்டுமா?"

"தாராளமாக் குறிச்சுக்கோங்க."

குறித்துக்கொண்டார். போகும்போது "நல்ல வேலைம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தையை அன்று முழுவதும் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தேன். பெருக்க ஒருத்தி பேச ஒருத்தி என்றவன் மூஞ்சியில் கரி பூசிவிட்டோம் என்று சின்னவளிடம் சொன்னேன். அவள் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது வாரம் கடிதம் வந்தது. தலைமை ஆசிரியை என்னை மட்டும் கூப்பிட்டார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நல்ல சேதி சொல்லும்போது அவர் கண்ணாடியைக் கழற்றுவதில்லை.

"பதினெட்டு அறை, அறைக்கு எட்டு நிமிஷம், ஒரு ஆள். ரெண்டு மணி இருபத்துநாலு நிமிஷம்னு போட்டிருக்காங்க. இந்தப் பள்ளிக்கு ஒரு ஆள் போதும்னு முடிவு பண்ணிட்டாங்க."

எனக்கு முதலில் கணக்கு ஓடவில்லை. பிறகு ஓடியது. இரண்டு பேர் செய்கிற வேலையை ஒருத்தியாகச் செய்துகாட்டியிருந்தேன்.

"மத்த ஸ்கூல்ல?"

"ஒன்பது ஸ்கூல்ல ஏற்கெனவே இருக்கிற ஆளே பத்தலைன்னு வந்திருக்கு." அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "கடைசியா சேர்ந்தவங்கதான் போகணும். விதி அது. மாசக் கடைசி வரைக்கும் டைம்."

மறுநாளே அரைநாள் லீவு போட்டு வட்டார அலுவலகத்துக்குப் போனேன். மூன்றாவது மாடி. லிஃப்ட்டிலும் மின்சாரச் சிக்கனம். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். கடிகாரத் தம்பியின் மேஜை கழிப்பறைக்குப் பக்கத்தில் இருந்தது. அவருக்கும் அங்கே பெரிய மதிப்பு ஒன்றும் இல்லை என்று தெரிந்தது.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். ஐந்து மணி, நாற்காலி, துடைப்பம், மாடி வராந்தா, எல்லாம். கேட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, நான் உங்களை மூணு தடவை கேட்டேன். பதினோரு ஸ்கூல்ல யாரையும் அப்படிக் கேக்கல. நீங்க மாத்திச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"புத்தி கெட்டுப் போச்சு தம்பி."

"மத்த ஸ்கூல்ல எல்லாம் ஒரு அறைக்கு இருபது நிமிஷம் எடுத்தாங்க. ஒரு இடத்துல ஒரு அம்மா ஜன்னல் கம்பிய ஒவ்வொண்ணாத் தொடச்சாங்க. நானும் ஒண்ணும் கேக்காம எழுதிக்கிட்டேன்."

"இப்ப என்ன பண்றது?"

இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மறு அளவீட்டு மனு. ஏழு நாளுக்குள் தந்தால் திரும்ப வந்து அளப்பார்கள், ரெண்டு பேர் தேவை என்று வந்தால் சின்னவள் இருக்கலாம். நான் தாளை வாங்க நீட்டிய கை நீட்டியபடி இருக்க, அவர் தாளை விடவில்லை.

"காரணம் எழுதணும்மா. நேரத்துக்கு முன்னாடி கேட்டைத் திறந்தேன், அளவெடுக்க வந்தவர்கிட்ட தப்பான தகவல் சொன்னேன்னு நீங்க கையெழுத்துப் போடணும். போட்டா உங்க மேல விசாரணை வரும். பணம் மிச்சம் பிடிக்கிற நேரம் இது, எவன் சிக்குவான்னு இருக்காங்க. உங்க வேலை போயிடும்னுதான் நான் நினைக்கிறேன். சர்வீஸ் எத்தனை வருஷம்?"

"பதினெட்டு வருஷம் எட்டு மாசம்."

பென்ஷனுக்கு இருபது வேண்டும். அது அவருக்கும் தெரியும். தாளை விட்டார்.

எங்கள் வீடும் சின்னவள் வீடும் ஒரே சுவர். இந்தப் பக்கம் பாத்திரம் விழுந்தால் அந்தப் பக்கம் "என்ன உடைஞ்சது?" என்று குரல் வரும். என் வீட்டுக்காரர் லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர். ஆறு வருடத்துக்கு முன்பு சரிந்த மூட்டை அவரைக் கட்டிலில் போட்டது. மாத்திரையும் வலிக்கு ஊசியும் என் சம்பளம். தாளை அவரிடம் காட்டினேன். மெதுவாகப் படித்தார்.

"அவ வேலையும் போகக்கூடாது, உன் வேலையும் போகக்கூடாதுன்னா, அந்தக் கணக்குப் பிரிவுக்காரன் வேலைதான் போகணும்" என்றார்.

"விளையாடாதீங்க."

"பின்ன என்ன சொல்ல? போடுன்னா நாளைக்கு என் மாத்திரைக்கு உன் கையப் பாக்க முடியாது. போடாதன்னா செத்தவன் முகத்துல முழிக்க முடியாது." தாளை நாலாக மடித்து என் கையில் வைத்தார். "நான் இதப் பாக்கல. அவ்வளவுதான்."

சின்னவள் கதவைத் தட்டாமல் வந்தாள். அவள் எப்போதுமே தட்டுவதில்லை. தாளை மடிக்குள் செருகினேன்.

"மாமாவுக்கு இன்னிக்கு வலி எப்படி?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஆபீஸ் போனீங்களாமே. என்ன சொன்னான் கடிகாரத் தம்பி?"

அவள் கண்ணில் கொஞ்சம் ஆசை இருந்தது. மகள் நர்சிங் சேர்ந்து முதல் வருடம். அந்த ஆசையை நான் நன்றாகப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

"ஒண்ணும் பண்ண முடியாதாம்" என்றேன்.

என் வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சின்னவள் சிரித்தாள். "மேஸ்திரி பாத்துட்டான்கா. நாமதான் ரெண்டு கல் கூட வெச்சுட்டோம்."

"திட்டணும்னா திட்டுடி."

"திட்டினா என்ன வரப்போகுது? சேர்த்துவிட்டதும் நீங்கதான்." அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட பாதி எனக்கு இன்றைக்கும் கேட்கிறது.

ஏழு நாளும் அந்தத் தாள் என் மடியிலேயே இருந்தது. ஒவ்வொரு நாளும் நாளைக்குப் போடலாம் என்றிருந்தேன். பேனாவும் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் ஸ்டோர் ரூமில் ஆர்மோனியப் பெட்டிமேல் தாளை விரித்து என் பெயரில் முதல் எழுத்தை எழுதிவிட்டேன். பதினாறு மாதம் என்று மனசு சொன்னது. பதினாறே மாதம். பேனாவை மூடினேன். ஏழாம் நாள் ஐந்து மணிக்கு அலுவலகம் சாத்தியிருக்கும் என்று தெரிந்தபோது எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. நிம்மதி. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாதக் கடைசி நாள் சின்னவள் எல்லாருக்கும் முன்பாகவே கிளம்பிவிடுவாள் என்று நினைத்தேன். மாலை மணியடித்துப் பிள்ளைகள் போன பிறகும் அவளைக் காணோம். தேடிக்கொண்டு மாடிக்குப் போனேன். கடைசி அறையில் நின்று நாற்காலிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தால் எல்லா அறையிலும் மேஜைமேல் கால்கள் மேலே நீட்டிக்கொண்டு நாற்காலிகள். பெருக்கியும் முடித்திருந்தாள். கீழேயும் மேலேயுமாகப் பதினெட்டும்.

"ஏன்டி இது?"

"நாளைக்கு ஒரு நாளாவது நீங்க மாப் மட்டும் போடுங்க. முழங்கால் தாங்காது." துடைப்பத்தை மூலையில் தலைகீழாக நிறுத்தினாள். அப்படித்தான் எப்போதும் நிறுத்துவாள். "அன்னிக்கு மாதிரி எட்டு நிமிஷத்துல முடிச்சுடுவீங்க."

குத்திச் சொன்னாளா, அன்பாகச் சொன்னாளா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. மறுநாள் காலை அந்தப் பதினெட்டு அறையையும் ரெண்டு மணி இருபத்துநாலு நிமிடத்தில் முடித்தேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் அப்படி முடிந்ததில்லை.

இப்போது ஒற்றைப்படை அறைகள் ஒரு நாள், இரட்டைப்படை அறைகள் ஒரு நாள். தலைமை ஆசிரியைக்குத் தெரியும், கண்டுகொள்வதில்லை. பெருக்காத அறைகளில் சாக்பீஸ் தூள் ஜன்னல் வெளிச்சத்தில் பறக்கிறது. முன் வரிசைப் பிள்ளைகள் இருமுகிறார்கள். கழிப்பறையை மதியம் ஒரு முறைதான் கழுவ முடிகிறது. பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். கணக்கில் ஒரு ஆள் சம்பளம் மிச்சம்.

சின்னவள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாண்டரியில் துணி தேய்க்கிறாள். பழைய சம்பளத்தில் பாதி. நாள் முழுக்க நின்றே வேலை. கால் நரம்பு சுருண்டு நீலமாகிவிட்டது. மகள் படிப்பை ஒரு வருடம் நிறுத்தி வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை என் முழங்காலுக்குத் தைலம் கொண்டுவந்து, கேட்காமலேயே உட்கார்ந்து தேய்த்துவிடுகிறாள். லாண்டரி முதலாளி மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே கண்ணாடியைத் தேடுகிறதைச் சொல்லிச் சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன். என் வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார்.

ஒரு எழுத்து மட்டும் எழுதின அந்த மனு, நாலாக மடித்தபடி, பினாயில் கேன்களுக்குப் பின்னால் என் பெட்டியில் இருக்கிறது. பென்ஷனுக்கு இன்னும் எட்டு மாதம். அவளிடம் இதுவரை சொல்லவில்லை. சின்னவளுக்கு நான் ஒரு வேலை பாக்கி.